கோபம் என்று எழுதாத கடிதம்

அன்பு அருளப்பா,

நீ போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. இதற்குள் எத்தனையோ முறை உனக்கு எழுத உட்கார்ந்து, தேதியை மட்டும் போட்டுவிட்டுத் தாளை மடித்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு முடித்துவிட வேண்டும்.

எதை எழுதினாலும் முதலில் எண் போட்டுப் பட்டியல் எழுதிக்கொள்வது என் வழக்கம். "கல்யாணப் பத்திரிகைக்குக்கூடப் பொருளடக்கம் போடுவடா நீ" என்று கேலி செய்வாய். பட்டியல் இல்லாவிட்டால் பாதியில் பயந்துபோய் வேறு எதையாவது எழுதிவிடுவேன். ஆகவே:

1. நீ எழுதிய ஒரு ஆங்கிலச் சொல்லை நான் ஜப்பானிய மொழியில் என்ன செய்தேன்.

2. அதனால் குப்பத்தில் என்ன நடந்தது.

3. என் பக்கத்து நியாயம்: கோபத்தைக் கோபம் என்றே எழுதினால் ஜப்பானியர்கள் தாங்கமாட்டார்கள், உறவு முறிந்துவிடும்.

4. நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். அதற்கு நான் சொன்ன பதில்.

5. இந்த வருடம் வந்த ஒரு கடிதம்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவர்களுக்காக நாம் யார் என்று இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நாம் கடலூரில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். உன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மணி, என் வீட்டில் தினமும் சிவபூஜை. ஆனாலும் எட்டாம் வகுப்பிலிருந்தே என்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டாய். நீ ஆங்கில வாத்தியார் ஆனாய். கிள்ளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தாய். நான் சென்னையில் ஜப்பானிய இயந்திரங்களை வரவழைத்து விற்கும் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அவர்கள் செலவில் அந்த மொழியைப் படித்து, இயந்திரக் கையேடுகளையும் கடிதங்களையும் மொழிபெயர்த்தே ஓய்வு பெற்றேன். பிறகு சிதம்பரத்துக்கு வந்துவிட்டேன். நீ கடலூர் முதுநகரிலேயே இருந்தாய்.

சுனாமிக்குப் பிறகு ஒரு ஜப்பானியக் குழு உன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த மீனவர் குப்பத்துக்கு இருபது ஃபைபர் படகு கொடுக்க முன்வந்தது. பெரிய நிறுவனம் இல்லை. வடகிழக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கே வயதான மீனவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் சேர்ந்து நடத்தியது. ஹிசாகோ என்ற அம்மையார்தான் அதன் செயலாளர். கடிதங்களை நீ ஆங்கிலத்தில் எழுதுவாய். குப்பத்துப் பஞ்சாயத்தை நடத்தும் நாட்டார்கள் கையெழுத்துப் போடுவார்கள். அதை நான் ஜப்பானிய மொழியில் ஆக்கி அனுப்புவேன். அந்த ஊரில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. உனக்கும் குப்பத்துக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. நடுவில் நான் ஒருவன்தான்.

முதல் பத்துப் படகுகள் வந்தபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்! சனிக்கிழமைதோறும் நீ கடலூரிலிருந்து பஸ் ஏறி வருவாய். என்னையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் குப்பத்துக்குப் போவாய். நீ அங்கே பெரியவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பாய், வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுப்பாய். நான் ஓரமாக உட்கார்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது. "வாத்தியார் கூட வர்ற சார்" என்பார்கள்.

ஒரு பருவம் முடிவதற்குள் படகுகள் ஒழுக ஆரம்பித்துவிட்டன. அடிப்பாகத்தையும் பக்கத்தையும் ஒட்டிய இடத்தில் விரிசல். அவர்கள் காசில் இங்கே படகைக் கட்டிய பட்டறை சரியில்லை. அது உனக்கும் எனக்கும் தெரிந்தது. காசு அனுப்பிய ஊருக்குத் தெரியாது.

வலைக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நாட்டார் கலியபெருமாள் எழுந்து பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஜப்பான்காரங்க நல்லவங்கதான் சார். நாங்க இல்லன்னு சொல்லல. ஆனா அவுங்க குடுத்த படகுல ஒருத்தன் வலைய இழுக்கறான், ஒருத்தன் தண்ணிய எறைக்கறான். நாங்க மீனு புடிக்கப் போறமா, கடல எறைச்சி வத்த வைக்கப் போறமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. அலையில் புருஷனைக் கொடுத்தவள். அவள் மகன் முருகனும் அவள் தம்பியும் ஒரே படகில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"சிரிக்காதீங்கய்யா. எம் புள்ள போறான் அதுல. வாத்தியாரே, வயிறு எரியுதுன்னு எழுதுங்க. எங்களுக்கு வயிறு எரியுது."

நீ என் பக்கம் திரும்பினாய். "மச்சான், வயிறு எரியுதுங்கறத இங்கிலீஷ்ல எப்படிடா போடறது?"

"'கன்சர்ன்ட்'னு போடலாமே" என்றேன்.

"கன்சர்ன்டா? அது பேங்க் மேனேஜர் எழுதற வார்த்தைடா. வட்டி கட்டலன்னா அவனுக்கு வர்றது. இவங்களுக்கு வந்திருக்கறது கோவம்."

'வீ ஆர் ஆங்ரி' என்று எழுதினாய். கடிதத்தின் முதல் வரியே அதுதான். எழுதிவிட்டு அதைக் கூட்டத்துக்குத் தமிழில் சொன்னாய்: "ஆறாம் கிளாஸ் புள்ளைக்குக்கூட இந்த வார்த்தை தெரியும். புரியலன்னு எவனும் சொல்ல முடியாது." அதற்குக் கீழே இரண்டு கோரிக்கை. மீதிப் பத்துப் படகை அந்தப் பட்டறையில் கட்டக் கூடாது. உங்கள் ஊரிலிருந்து ஒரு ஆள் வந்து கண்ணால் பார்க்க வேண்டும். நாட்டார்கள் கையெழுத்துப் போட்டார்கள். அஞ்சலாட்சி கைரேகை வைத்தாள்.

என் அட்டைப்பெட்டியை நீ கேலி செய்வாயே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனியில் இருந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு அட்டை எழுதி வைத்திருக்கிறேன். மன உணர்ச்சியைச் சொல்லும் சொல்லாக இருந்தால் ஜப்பானியச் சொற்களைச் சூடு குறைந்ததிலிருந்து கூடியது வரை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தியிருப்பேன். 'ஆங்ரி' அட்டையில் ஐந்து சொற்கள் இருந்தன. ஐந்தாவது நேரடியான கோபம். நான்காவது, 'ஹரா கா தாட்சு'. வயிறு எழுந்து நிற்கிறது என்று அர்த்தம். அந்த ஊரிலும் கோபம் வயிற்றில்தான் வரும். மூன்றாவது, அதிருப்தி. இரண்டாவது, வருத்தம். முதலாவது, 'கொமத்தே'. சிரமப்படுகிறோம், என்ன செய்வதென்று தெரியவில்லை என்பது போல.

கம்பெனியில் எனக்கு மேலே இருந்த ஜப்பானியர் ஒரு விதி சொல்லியிருந்தார். புகார்க் கடிதத்தில் எப்போதும் ஒரு படி இறக்கி எழுது. படிக்கிறவர் தானாக ஒரு படி ஏற்றிக்கொள்வார். இரண்டு பக்கமும் அந்த விதி தெரிந்தவர்கள், ஆகவே ஒன்றும் கெடாது.

உன் கடிதத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்த அன்று காலை அந்த விதிப்படி ஒரு படி இறக்கியிருந்தால்கூட நாலாவது சொல் வந்திருக்கும். அஞ்சலாட்சி சொன்ன அதே வயிறு. பென்சிலால் அதை எழுதவும் எழுதினேன். பிறகு அழித்தேன். மூன்றாவதை எழுதினேன். ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அந்த அம்மையார் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதாக நினைத்துப் பார்த்தேன். மறுபடி வந்து அழித்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் முதலாவது படிக்கு இறங்கிவிட்டேன். 'நாங்கள் சற்றுச் சிரமத்தில் இருக்கிறோம்.' சற்று என்பது நீ எழுதாதது. அதுவும் நான் சேர்த்தது.

சொல்லை இறக்கிய பிறகு மற்ற வரிகளும் அதோடு இறங்கித்தான் ஆக வேண்டும். 'அந்தப் பட்டறையில் கட்டக் கூடாது' என்பது 'கூடுமானால் ஒட்டும் இடத்தில் கொஞ்சம் கவனம் செலுத்தினால் மகிழ்வோம்' என்று ஆனது. 'வந்து பார்க்க வேண்டும்' என்பது 'எப்போதாவது வந்தால் வரவேற்போம்' என்று ஆனது. நன்றாக மை போட்டுப் பிரதி எடுத்தேன். என் கையெழுத்து அழகாக இருந்தது. அதைப் பார்த்து ரசித்ததும் ஞாபகம் இருக்கிறது.

ஏன் செய்தேன்? பட்டியலில் மூன்றாவதாக ஒரு நியாயம் எழுதியிருக்கிறேன். இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது அதைத்தான். பட்டியலில் எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்ட இன்னொன்றும் இருக்கிறது. இங்கே எழுதுகிறேன்.

ஹிசாகோ அம்மையார் எனக்குத் தனியாக அஞ்சலட்டை போடுவார். உனக்குத் தெரியும், ஆனால் எத்தனை வந்தன என்று தெரியாது. துறைமுகப் படம், பனி விழுந்த கூரைப் படம், காயப் போட்ட மீன் படம். 'சபாபதி அவர்களின் எழுத்தைப் படிக்கும்போது எங்கள் ஊர்க்காரர் எழுதியது போலவே இருக்கிறது' என்று ஒன்றில் எழுதியிருந்தார். கம்பெனியில் முப்பது வருடம் இருந்தேன்; என் எழுத்தை யாரும் எழுத்து என்று சொன்னதில்லை. அந்த அட்டைகளைக் கண்ணாடி அலமாரியில் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். கோபம் என்று எழுதினால் அஞ்சலட்டை நின்றுவிடும். இதுதான் அருளப்பா. பத்துப் படகு நின்றுவிடுமே என்று பயந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அந்தப் பயமும் கொஞ்சம் இருந்தது. ஆனால் ஜன்னல் பக்கம் நின்றபோது நான் நினைத்தது படகை அல்ல.

பதில் வந்தது. நீ என் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாய். நான் படித்துத் தமிழில் சொன்னேன். 'நீங்கள் சிரமத்தில் இருப்பதை அறிந்தோம். ஆகவே மீதிப் பத்துப் படகுகளையும் காத்திருக்காமல் உடனே கட்டி அனுப்பும்படி சொல்லிவிட்டோம். தயங்காமல் பெற்றுக்கொள்ளுங்கள்.'

நீ டம்ளரைக் கீழே வைத்தாய். "கோவமா இருக்கோம்னு எழுதினா, 'சிரமம் புரியுது, இந்தா இன்னும் பத்து'ன்னு சொல்றாங்களே மச்சான். ரொம்பப் பெரிய மனசா, இல்ல அந்த ஊர்ல யாருக்கும் காது கேக்காதா?"

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். இன்னும் படகு கட்ட ஆரம்பிக்கவில்லை. மறுநாளே இன்னொரு கடிதம் போட்டிருக்கலாம். எல்லாம் சரியாகியிருக்கும். நான் உனக்கு இன்னொரு முறை காபி ஊற்றினேன்.

அதே பட்டறையிலிருந்து பத்துப் படகும் வந்தன. அவற்றில் ஒன்று முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு காலை நேரத்தில் பிளந்தது. உள்ளே இருந்தவர்கள் முருகனும் அவன் மாமனும். மஞ்சள் டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். மதியத்துக்கு மேல்தான் வேறு படகுக்காரர்கள் பார்த்துத் தூக்கினார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஆனால் முருகன் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஏதோ ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போனான். இப்போதும் அங்கேதான் இருக்கிறான். கடற்காற்று வீசுகிற பக்கம் முகத்தைத் திருப்பாமல் நிற்கிறான் என்று அவன் அம்மா சொன்னாள்.

அந்த வாரச் சனிக்கிழமை நாம் போனபோது வலைக்கூடத்தில் யாரும் நமக்குப் பாய் போடவில்லை. கலியபெருமாள் நின்றுகொண்டே கேட்டார்.

"வாத்தியாரே, நீங்க இன்னா எழுதுனீங்க?"

"உங்க எதிர்லதானய்யா எழுதினேன். கோவமா இருக்கோம்னு எழுதினேன். காப்பி இருக்கு, பாருங்க."

"இங்கிலீஷு எங்களுக்கு இன்னா தெரியும்? நீங்க சொன்னதுதான். கோவம்னு எழுதியிருந்தா அதே பட்டறை படகு எப்படி வரும்? எவனாவது அனுப்புவானா? கெஞ்சி எழுதியிருக்கீங்க. வெள்ளக்காரன்னா ஒரு பயம், ஜப்பான்காரன்னா ஒரு பயம்."

"கலியபெருமாளு, எனக்கு எவன்கிட்டயும் பயம் கிடையாது."

"அப்ப எங்ககிட்ட இன்னாத்துக்கு ஒண்ணு சொல்லிட்டு, அங்க ஒண்ணு எழுதுனீங்க?"

அஞ்சலாட்சி குனிந்தாள். உன் காலடியில் கொஞ்சம் மணலை அள்ளிப் போட்டுவிட்டுப் போனாள். நான் உனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். என்னை யாரும் கேட்கவே இல்லை. வாத்தியார் கூட வருகிற சாரை எதற்குக் கேட்கப்போகிறார்கள்?

நாம் பஸ் ஏறித் திரும்பினோம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீக்கடைக்குப் போனோம். நீ கேட்டாய். உன் குரல் எப்படி இருந்தது என்றுகூட எழுத முடியும். கேட்பதற்கே கூச்சப்பட்டுக் கேட்டாய்.

"மச்சான், ஒண்ணு கேப்பேன், கோச்சுக்கக் கூடாது. நான் எழுதினத அப்படியேதான போட்ட?"

"அப்படியேதான்டா."

"ஒரு வார்த்தைகூட…?"

"ஒரு வார்த்தை மாத்தல."

நீ உடனே என் தோளில் கை வைத்தாய். "சே, உன்னப் போய்க் கேட்டேன் பாரு. ஏதோ வயித்தெரிச்சல்ல கேட்டுட்டேன். மனசுல வச்சுக்காத." டீக்கு நீயே காசு கொடுத்தாய். எனக்குச் சர்க்கரை கம்மியாக என்று கடைக்காரரிடம் ஞாபகமாகச் சொன்னாய்.

அருளப்பா, நான் செய்த தப்பு மொழிபெயர்ப்பில் என்றுதான் பலநாள் நினைத்திருந்தேன். இல்லை. அந்த டீக்கடையில்தான்.

அதற்குப் பிறகு நீ குப்பத்துக்குப் போகவில்லை. சனிக்கிழமை காலையில் மட்டும் போன் செய்வாய். "சும்மாதான் பண்ணேன், என்ன பண்ற?" என்பாய். ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுவேன். நீ எதுவும் நினைத்துக்கொள்ளவில்லையா? அல்லது எல்லாவற்றையும் நினைத்துவிட்டுத்தான் மறு சனிக்கிழமையும் போன் செய்தாயா?

நீ போன அன்று முதுநகர் வீட்டில் கூட்டம் நிறைய இருந்தது. உன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தார்கள். பங்குச் சாமியார் வந்திருந்தார். குப்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அங்கே பாதிப் பேர் உன்னிடம் படித்தவர்கள். உன் மனைவி ஸ்டெல்லா தங்கச்சி என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டது: "கடல்காரங்க யாருமே வரலியேண்ணா? சொல்லி அனுப்பினீங்களா?"

"சொன்னேம்மா. கடல் மோசமா இருக்காம். வர முடியல போலிருக்கு" என்றேன்.

அன்று கடல் எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதுநகரில் அந்தத் தெருமுனைக்குப் போனால் தெரியும். குளம் மாதிரி கிடந்தது.

இப்போது நீ போன பிறகு நடந்தது. போன வருடம் மார்ச் மாதம் ஜப்பானில் அலை வந்தது. தொலைக்காட்சியில் பார்த்தபோது அந்த அம்மையாரின் ஊர்ப் பெயரை ஒரு முறை சொன்னார்கள். அஞ்சலட்டையில் பார்த்த துறைமுகத்தையே காணோம். இரண்டு வாரம் கழித்து என் வீட்டு வாசலில் ஐந்து பேர் நின்றார்கள். கலியபெருமாள், அஞ்சலாட்சி, இன்னும் மூன்று பேர். டவுன் பஸ் ஏறி, வீடு விசாரித்து வந்திருந்தார்கள்.

"நாங்க பட்டது அவுங்களும் பட்டுட்டாங்களே சார்" என்றார் கலியபெருமாள். "படகு இன்னாவோ அப்படி ஆயிடுச்சி. அது வேற. அந்த அம்மா உசுரோட இருக்குதான்னு தெரியணும். ஒரு லெட்டர் போடணும்."

நேராக ஜப்பானிய மொழியிலேயே எழுதுகிறேன் என்று தாளை எடுத்தேன். அப்போதுதான் அஞ்சலாட்சி சொன்னாள்.

"நீங்களாவது ஒழுங்கா எழுதுங்க சார். நாங்க சொல்றத அப்படியே எழுதுங்க. வாத்தியாரு மாதிரி மாத்திடாதீங்க. பாவம், செத்துட்டாரு, அவரப் பத்தி இன்னாத்துக்கு…"

நான் பேனாவைக் கீழே வைத்தேன். ஐந்து பேரும் என்னையே பார்த்தார்கள். கடவுளே கொண்டுவந்து வாசலில் நிறுத்திய சந்தர்ப்பம் என்று நீ சொல்வாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சொல்லும்மா, எழுதறேன்" என்றேன்.

அவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன். ஒரு படிகூட இறக்கவில்லை. இறக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை, எல்லாம் அன்பு.

பதில் வர ஒரு வருடம் ஆயிற்று. இந்தச் சித்திரையில்தான் வந்தது. அந்த அம்மையார் இருக்கிறார். அவர் கணவர் இல்லை. தகரப் பெட்டி போன்ற தற்காலிக வீட்டில் இருப்பதாக எழுதியிருந்தார். அதிலிருந்து சில வரிகளை உனக்குத் தமிழில் தருகிறேன். இந்த முறை ஒரு சொல்லும் மாற்றவில்லை. நீ நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

'குளிர்காலத்தில் சுவரெல்லாம் நீர் கோத்துப் படுக்கை நனைந்தது. சிரமம்தான், சிரமம்தான் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்தோம். சிரமம் என்று நகராட்சி அலுவலகத்துக்கும் எழுதினோம். போர்வை அனுப்பினார்கள். அதுவும் நனைந்தது. பிறகு ஒருநாள் நாங்கள் கிழவிகள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, எங்களுக்கு வயிறு எழுந்து நிற்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மறுவாரம் ஒரு அதிகாரி வந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். இப்போது சுவரைச் சரிசெய்கிறார்கள். அவர் எங்கள்மேல் வருத்தப்படவில்லை. முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் கேட்டார்.'

கடைசியில் ஒரு வரி. 'அந்த நனைந்த போர்வைகளைப் பார்த்தபோது உங்கள் பழைய கடிதம் ஞாபகம் வந்தது. சபாபதி அவர்களே, அன்று படகுகளைப் பற்றிக் குப்பத்தார்களுக்குக் கோபம் வரவில்லையா?'

அதைப் படித்த அன்று அலமாரியிலிருந்து அஞ்சலட்டைகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

நேற்று கடலூர் போனேன். ஸ்டெல்லா தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டீக்கடை உட்பட, கடல் மோசம் என்று சொன்னது உட்பட. அது மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தது. நான் முடிக்கும் வரை துடைத்துக்கொண்டே இருந்தது. பிறகு உள்ளே போய் உன் பைபிளை எடுத்து வந்து, அதற்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தது. உன் கடிதத்தின் கார்பன் பிரதி. மடிப்பெல்லாம் கிழியும் நிலையில் இருந்தது.

"அடிக்கடி எடுத்துப் படிப்பாருண்ணா. 'சரியாத்தான எழுதியிருக்கேன் ஸ்டெல்லா, இதுல எங்க கெஞ்சியிருக்கேன், பாரு'ன்னு என்னையும் படிக்கச் சொல்வாரு. எனக்கு என்ன தெரியும்? சரியாத்தான் இருக்குன்னு சொல்வேன்."

நான் அழ ஆரம்பித்தேன். தங்கச்சி அழவில்லை.

"எங்கிட்ட சொல்லி அழுது என்ன ஆகப்போவுது? அவர நம்பாதவங்க அங்க இருக்காங்க. அங்க போய்ச் சொல்லுங்க."

ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுக்காததுதான் சரி.

ஆகவே உனக்கு இந்த வாக்கு. வருகிற சனிக்கிழமை டவுன் பஸ் ஏறுவேன். வலைக்கூடத்தில் கலியபெருமாளையும் அஞ்சலாட்சியையும் வைத்துக்கொண்டு உன் கார்பன் பிரதியைப் படிப்பேன். நான் அனுப்பியதன் நகலையும் எடுத்துப் போய், அதைத் தமிழில் சொல்லிப் பக்கத்தில் வைப்பேன். நடுவில் பயம் வரும். வந்தால் இந்தக் கடிதத்தை அப்படியே வாசித்துவிடுவேன், அதற்காகத்தான் எழுதியிருக்கிறேன். மணலை என் காலடியில் போடட்டும். முருகன் இருக்கும் கிடங்குக்கும் போவேன். அவன் என்ன சொன்னாலும் நின்று கேட்பேன். அந்த அம்மையாருக்கும் பதில் எழுதிவிட்டேன், இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. 'கோபம் வந்தது. முதல் வரியிலேயே எழுதியிருந்தார்கள். மாற்றியது நான்.' அட்டைப்பெட்டியைப் பார்க்காமல், ஐந்தாவது சொல்லைப் போட்டிருக்கிறேன். குப்பத்தில் சொல்லிவிட்டு வந்து அதைத் தபாலில் போடுவேன்.

பட்டியலைத் திரும்பப் பார்க்கிறேன். மூன்றாவதாக எழுதியிருப்பது தவறு. அவர்கள் தாங்கியிருப்பார்கள். வந்து படகைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். கோபத்தைத் தாங்காதவன் நான் ஒருவன்தான். அந்த வரியை அடித்துவிடத்தான் நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எழுதியதை மாற்றாமல் ஒரு முறையாவது அனுப்பிப் பார்க்கிறேன்.

உன் மச்சான்,
வாத்தியார் கூட வந்தவன்,
சபாபதி